கழற்றும் முன் அளக்க வேண்டும்

வீட்டு வாசலிலேயே காரைப் பழுது பார்த்துக்கொள்பவர்கள் நடுவே கடந்த சில ஆண்டுகளாக ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. சிக்னலில் நின்றால் வண்டி ஆஃப் ஆகிறது என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர், ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமலே ஆர்பிஎம் முள் ஏறி இறங்குகிறது என்பார். மூன்றாமவருக்கு ஏசி போட்டால் ஸ்டியரிங் குலுங்குகிறது. மூவருக்கும் இணையக் காணொளிகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: ஒரு கிளீனர் ஸ்ப்ரே டப்பா வாங்கி, ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, த்ராட்டில் பாடிக்குள் அடித்துத் துடையுங்கள். துணியில் கறுப்பாகக் கரி ஒட்டிவருவதைக் காட்டிக் காணொளி முடிகிறது. கரியைக் கண்ணால் பார்த்துவிட்டதால், நோய் அதுதான் என்று பார்ப்பவரும் நம்பிவிடுகிறார்.

இதைக் கேள்வி கேட்டால் ஒரு வாதம் தயாராக இருக்கிறது. "செலவு சில நூறு ரூபாய்தானே? சரியானால் லாபம், ஆகாவிட்டால் நஷ்டம் எதுவும் இல்லை. அங்கிருந்து தொடங்குவதில் என்ன தவறு?" கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தை நான் முழுமையாக மறுக்கிறேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியவற்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சொந்தக் காரின் பானெட்டைத் திறந்து பார்க்கும் துணிச்சல் நல்லது. பீரியாடிக் சர்வீஸுக்கு விடும் காருக்கெல்லாம், தேவையா என்று பார்க்காமலே "த்ராட்டில் கிளீனிங்" என்று பில்லில் ஒரு வரி சேர்க்கும் பட்டறைகள் உண்டு. அவற்றிடமிருந்து தப்பிக்க நினைப்பவரைக் குறை சொல்ல முடியாது. நிறைய கிலோமீட்டர் ஓடிய, ஆக்ஸிலேட்டர் கேபிள் வைத்த பழைய எஞ்சினில் பட்டர்ஃப்ளை தகட்டைச் சுற்றிக் கரி கட்டியிருந்தால் இந்தச் சுத்தம் உண்மையாகவே பலன் தரும். தன் கார் எப்போது எப்படி நடந்துகொள்கிறது என்பது எந்த மெக்கானிக்கையும்விட உரிமையாளருக்கு நன்றாகத் தெரியும். இவ்வளவும் உண்மை. ஆனால் இந்த வழக்கத்தின் அடிப்படையிலேயே ஒரு பிழை இருக்கிறது. கோளாறு எது என்று கண்டுபிடிப்பதற்கு முன்பே அது பழுது பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

ஐடிலிங் என்பது எஞ்சினில் ஓர் இடமோ பாகமோ கிடையாது. அது ஒரு விளைவு. நன்றாகச் சூடேறிய பெட்ரோல் எஞ்சின், கால் எடுத்த நிலையில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று ஓடும். அந்த வேகத்தைத் தீர்மானிப்பது ஈசியூ எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி. பழைய கார்களில் ஐடிலிங் காற்றைக் கட்டுப்படுத்தும் ஐஏசி வால்வைக் கொண்டும், புதிய கார்களில் த்ராட்டில் தகட்டையே மோட்டாரால் அசைத்தும் அது காற்றைக் கூட்டிக் குறைக்கிறது. கணப்பொழுதில் திருத்த வேண்டியிருந்தால் ஸ்பார்க் விழும் நேரத்தை முன்பின் நகர்த்துகிறது. ஏசி கம்ப்ரஸர் இழுத்தாலும், ஹெட்லைட் போட்டு ஆல்டர்னேட்டருக்குச் சுமை ஏறினாலும் முள் அசையாமல் நிற்பது இதனால்தான். வருமானம் குறைந்ததை வந்த விருந்தாளிக்குத் தெரியாமல் சமாளித்துச் சாப்பாடு போடும் குடும்பத் தலைவியைப் போல, எஞ்சினின் குறைகளை ஈசியூ மாதக்கணக்கில் மூடி மறைத்துவிடும். சமாளிக்கும் எல்லை முடிந்த பிறகுதான் முள் ஆடத் தொடங்குகிறது. நாம் காணும் அறிகுறிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீண்ட கதை நடந்து முடிந்திருக்கிறது. அந்தக் கதையைப் படிக்காமல் கடைசிப் பக்கத்தில் கரியைத் துடைக்கிறார்கள்.

இதில் மிக எளிய ஒரு கேள்விகூடக் கேட்கப்படுவதில்லை: எஞ்சினுக்குக் காற்று போதவில்லையா, அல்லது அதிகமாகிவிட்டதா? த்ராட்டிலில் கரி படிந்தால் தகட்டின் ஓரத்தில் புகும் காற்று குறையும். எனவே ஐடிலிங் தாழும், பிரேக் போட்டு நிறுத்தும்போது வண்டி ஆஃப் ஆகும். சுத்தம் செய்தால் காற்று கூடும். சரி. ஆனால் கால் எடுத்த பிறகும் 1,400, 1,500 சுற்று என்று நிற்கும் எஞ்சினுக்கு என்ன குறை? அதற்கு ஏற்கெனவே வேண்டாத வழியில் காற்று போய்க்கொண்டிருக்கிறது, அல்லது எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று ஈசியூ நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த எஞ்சினில் த்ராட்டிலைச் சுத்தம் செய்வது கூடுதலாகக் காற்று விடும் வேலை. தகடு ஒட்டிக்கொண்டு மூடாமல் நிற்கும் சில கார்களைத் தவிர வேறெதற்கும் அது பயன்படாது. எதிரெதிரான இரண்டு கோளாறுகளுக்கு ஒரே மருந்து சொல்லப்படுகிறது என்றால், சொல்பவர் நோயைப் பார்க்கவே இல்லை என்றுதான் பொருள்.

பார்ப்பதற்கு வழி இல்லாமலா இருக்கிறது? நம் நாட்டில் 2013 முதல் விற்கப்பட்ட பிஎஸ்-4 கார்களில், கோளாறைத் தானே கண்டறிந்து பதியும் ஓபிடி-2 வசதி இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சின்னதாக ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகினால் செல்போனிலேயே எண்கள் வந்துவிடும். அதன் விலையும் ஸ்ப்ரே டப்பாவின் விலையைவிட வெகுவாகக் கூடுதல் இல்லை. கூலன்ட் வெப்பநிலை, இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம், ஃப்யூயல் டிரிம், த்ராட்டில் திறப்பு என்ற நான்கு எண்களைச் சூடான எஞ்சினில், ஏசியை அணைத்துவிட்டுப் பார்த்தாலே பாதி விசாரணை முடிந்துவிடும். கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் நல்ல எஞ்சினின் மேனிஃபோல்ட் அழுத்தம் ஐடிலிங்கில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோபாஸ்கல் இருக்கும். எலக்ட்ரானிக் த்ராட்டில் வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்து நின்றும் வேகம் தாழ்ந்தே இருந்தால் கரி மீது சந்தேகப்படலாம். முற்றிலும் மூடிய நிலையிலும் வேகம் ஏறியே இருந்தால் காற்று வேறெங்கோ புகுகிறது. த்ராட்டில் திறப்பு என்ற இந்த ஒரு எண் இரண்டு கோளாறுகளையும் பிரித்துவிடுகிறது.

ஃப்யூயல் டிரிம் என்பது ஈசியூ தன் கணக்குக்கு மேல் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதன் சதவீதம். பத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. இன்று பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும், எத்தனால் கலந்த இ20 மீது எல்லாப் பழியையும் போடுபவர்களும் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. இ10-லிருந்து இ20-க்கு மாறும்போது எஞ்சினுக்குக் கூடுதலாகத் தேவைப்படும் எரிபொருள் ஏறத்தாழ 4 சதவீதம். ஆக்ஸிஜன் சென்சார் நன்றாக இருக்கும் காரில் ஈசியூ அதைத் திருத்திக்கொள்ளும். டிரிம் 20-ஐத் தாண்டி நிற்கிறது என்றால் பங்க்கைத் திட்டுவதை விட்டுவிட்டு வேறு காரணம் தேட வேண்டும்.

இங்கே இரவல் அறிவுரையின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். மேனிஃபோல்டோடு இணைந்த ஹோஸில் காற்று கசிந்தால் ஐடிலிங்கில் டிரிம் ஏறும், 2,500 சுற்றில் இயல்புக்குத் திரும்பும் என்ற பாடம் அமெரிக்கக் காணொளிகளிலிருந்து அப்படியே தமிழுக்கு வந்திருக்கிறது. காற்றின் அளவை நேராக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களுக்கு அது சரி. நம் தெருக்களில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடுபவை. அவற்றில் கசிவு வழியாகப் புகுந்த காற்றும் அழுத்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஈசியூ அதற்கேற்ப பெட்ரோலும் கொடுத்துவிடுகிறது. எனவே டிரிம் ஏறக்குறைய இயல்பாகவே இருக்கும், வேகம்தான் ஏறும். டிரிம் சரியாக இருக்கிறது, ஆகவே கசிவு இல்லை என்று அந்தக் காணொளியை நம்பி முடிவு கட்டுபவர், கசிவின் மேலேயே கை வைத்துக்கொண்டு அதைத் தவறவிடுகிறார். முள் ஒரே தாளத்தில் ஏறி இறங்குவதற்கும் பல கார்களில் காரணம் இதுதான். தகடு மூடியிருந்தும் வேகம் எல்லை மீறுகிறது என்று கண்டதும் ஈசியூ பெட்ரோலை நிறுத்துகிறது. வேகம் விழுகிறது. மறுபடி பெட்ரோல் கொடுக்கிறது. வேகம் ஏறுகிறது. இந்த ஆட்டத்தை எந்த ஸ்ப்ரேயும் நிறுத்தாது.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு காரைச் சொல்கிறேன். நண்பர் ஒருவருடைய நான்கு சிலிண்டர் ஹேட்ச்பேக்கில் ஐடிலிங் 1,400-க்குக் கீழே இறங்க மறுத்தது. அவர் த்ராட்டிலைச் சுத்தம் செய்தார். ஐஏசி வால்வைக் கழற்றிக் கழுவினார், பிறகு புதிதாகவே ஒன்று வாங்கிப் போட்டார். முள் அசையவில்லை. இடையில் பிரேக் பெடல் முன்பைவிடக் கடினமாகிவிட்டது என்றும் சொன்னார். அதை அவர் தனிக் கோளாறாக எண்ணியிருந்தார். எஞ்சினை ஓடவிட்டு, மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் மெதுவாக அழுத்தினோம். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை அழுத்தியதும் வேகம் 800-க்கு இறங்கியது. ஹோஸின் மேல்பக்கம் புதிதுபோல இருந்தது. கையால் வளைத்துத் திருப்பிப் பார்த்தபோது, கிளிப்பை ஒட்டிய அடிப்பக்கத்தில் ரப்பர் காய்ந்து நகக்கண் நீளத்துக்கு வெடித்திருந்தது. வளைத்தால் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும் வெடிப்பு அது. ஐடிலிங் கோளாறு என்று அவர் துரத்தியது பிரேக்கின் கோளாறு. பெடலை அழுத்தும்போது உதவ வேண்டிய வேக்யூம் அந்த வெடிப்பு வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு அந்தக் காரை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். "ஆகாவிட்டால் நஷ்டம் எதுவும் இல்லை" என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அடுத்து, பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு மாட்டுவது. "ஈசியூவை ரீசெட் பண்ணுங்க" என்று ஸ்ப்ரேயோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த அறிவுரைதான் என்னை மிகவும் கோபப்படுத்துகிறது. கோளாறுக் குறியீடு பதிவாகும் கணத்தில் எஞ்சின் வேகம், சுமை, வெப்பநிலை, டிரிம் ஆகியவை எப்படி இருந்தன என்பதையும் ஈசியூ சேர்த்துப் பதிந்து வைக்கிறது. ஐடிலிங் எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்தால் பி0506, உயர்ந்தால் பி0507 என்று கோளாறு எந்தப் பக்கம் என்பதைக்கூட அந்தக் குறியீடு சொல்லிவிடும். டெர்மினலைக் கழற்றினால் பல கார்களில் இந்தச் சாட்சியம் அனைத்தும் அழிந்துபோகும். அதோடு, ஈசியூ பல மாதங்களாகக் கற்றுவைத்த திருத்தங்களும் போய்விடும். பிறகு ஓரிரு நாள் வண்டி நன்றாக ஓடுவதுபோல் தோன்றும். உடனே "சூப்பர், சரியாகிவிட்டது" என்று நன்றி சொல்லிவிடுகிறார்கள். ஈசியூ மறுபடியும் கற்றுக்கொண்டு எல்லையைத் தொட்டதும் கோளாறு திரும்புகிறது. அப்போது வந்து சொல்பவர் யாரும் இல்லை. இந்த வைத்தியத்தின் புகழில் பாதி இப்படிச் சேர்ந்தது.

இதைவிடக் கொடியது ஸ்க்ரூவைத் திருகுவது. பத்மினியும் அம்பாஸடரும் பழைய மாருதி 800-ம் கார்பரேட்டரில் ஓடிய காலத்தில், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு காதால் கேட்டே ஸ்லோ ஸ்பீட் வைத்த மெக்கானிக்குகள் இருந்தார்கள். அது உண்மையான கைத்திறன். அந்த ஸ்க்ரூ அதற்காகவே கொடுக்கப்பட்டது. ஆனால் இன்றைய த்ராட்டில் பாடியில் இருக்கும் ஸ்டாப் ஸ்க்ரூ வேகம் வைப்பதற்கு உரியதல்ல. தகடு துளையின் சுவரில் போய்ச் சிக்காமல், மூடிய நிலை எது என்று குறிப்பதற்காகத் தொழிற்சாலையில் அளந்து, பல மாடல்களில் பெயின்ட் புள்ளி வைத்து அனுப்பப்படுவது. அதைத் திருகினால் மூடிய நிலை பற்றி ஈசியூ வைத்திருக்கும் கணக்கு பொய்யாகிறது. ஓட்டுபவர் கால் எடுத்துவிட்டார் என்பதே சில கார்களில் ஈசியூவுக்குத் தெரியாமல் போகிறது. மூலக் கோளாறு இருந்த இடத்திலேயே இருக்க, அதன் மேல் இரண்டாவது கோளாறு ஒன்றைக் கையால் செய்து வைத்ததாகிறது. பின்னால் வரும் மெக்கானிக்குக்கு எது இயற்கையான பழுது, எது செய்து வைத்த பழுது என்று பிரிக்கவே வழியில்லை.

சுத்தம் செய்வதால் கெடுதல் இல்லை என்பதும் உண்மையில்லை. எலக்ட்ரானிக் த்ராட்டிலின் தகட்டை விரலால் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு துடைக்கிறார்கள். அந்தத் தகட்டை அசைக்கும் சிறிய கியர்கள் பல மாடல்களில் பிளாஸ்டிக்கால் ஆனவை. சில த்ராட்டில் பாடிகளின் உட்சுவரில், ஓரக் கசிவைக் கட்டுப்படுத்த ஒரு பூச்சு இருக்கும். கரி என்று நினைத்து அதையும் கரைத்து எடுத்துவிடுகிறார்கள். கரியோடு வாழப் பழகி, தகட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைக்கக் கற்றிருந்த ஈசியூ, கரி போனதும் கூடுதல் காற்றால் வேகத்தை ஏற்றும். அதற்கு அந்தந்த மாடலுக்கென்று சொல்லப்பட்ட மறுகற்பித்தல் முறை உண்டு. காணொளியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. கசிவைக் கண்டுபிடிக்க ஓடும் எஞ்சினைச் சுற்றி அதே ஸ்ப்ரேயை அடிக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். டப்பாவின் மேலேயே தீப்பற்றும் பொருள் என்று படம் போட்டிருக்கிறது. கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அதை அடிக்கச் சொல்வது பொறுப்பற்ற செயல்.

த்ராட்டிலையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நம் ஊருக்கே உரிய காரணங்களைக் கவனிப்பதே இல்லை. வண்டி சூடாகிறது என்று சொன்னால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் நெடுங்காலமாக இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் நெடுஞ்சாலையில் போதிய சூட்டை எட்டாது. இன்னும் குளிர்தான் என்று நம்பும் ஈசியூ ஐடிலிங்கை உயர்த்தியே வைக்கும், பெட்ரோலையும் கூட்டும். கூலன்ட் வெப்பநிலை என்ற ஒரே எண் இதைக் காட்டிக்கொடுத்துவிடும். எல்பிஜி கிட் போட்ட ஆம்னிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸில் நீண்ட காலம் ஓடிய எஞ்சினில் வால்வு சீட் தேய்ந்து, வால்வு கிளியரன்ஸ் இறுகிவிடும். வால்வு முழுதாக மூடாததால் ஐடிலிங்கில் கம்ப்ரஷன் கசிந்து மிஸ்ஸிங் அடிக்கும். அதற்குத் தேவை டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட். எஞ்சின் மவுன்ட் ரப்பர் கிழிந்த கார் 800 சுற்றில் முள் அசையாமல் நிற்கும்போதும் குலுங்கும். மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு இயல்பாகவே கொஞ்சம் அதிர்வு உண்டு. குலுக்கம் வேறு, வேக மாற்றம் வேறு என்று பிரித்துப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லாதவர் கையில்தான் ஸ்ப்ரே டப்பா முதலில் ஏறுகிறது.

பட்டறையில் மட்டும் அளந்துவிட்டா செய்கிறார்கள் என்று கேட்பார்கள். பல இடங்களில் செய்வதில்லை. ஸ்கேனரைச் செருகிக் குறியீட்டை அழித்துவிட்டு அனுப்பும் பட்டறைகள் உண்டு. வால்வை மாற்று, சென்சாரை மாற்று என்று உத்தேசத்தில் பாகம் மாற்றும் மெக்கானிக்குகளும் உண்டு. அந்தக் குறையிலிருந்து விடுபடத்தானே நாம் வீட்டில் பானெட்டைத் திறந்தோம்? மெக்கானிக்குக்கு இல்லாத ஒன்று உரிமையாளரிடம் இருக்கிறது: நேரம். காலையில் குளிர்ந்த எஞ்சினையும் மாலையில் சூடான எஞ்சினையும் ஏசி போட்டும் போடாமலும் அளந்து எழுதிவைக்க அவரால் முடியும். அந்த வசதியைக் கைவிட்டு, பட்டறையின் மோசமான பழக்கத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவது சுயமாகப் பழுது பார்ப்பது ஆகாது. அளக்காமல் கழற்றுபவரை நான் பழுது பார்ப்பவர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் அதிர்ஷ்டத்தைச் சோதிப்பவர். சில சமயம் வெல்வார். எதனால் வென்றோம் என்பது அவருக்கே தெரியாததால், அடுத்த காரில் அது உதவாது.

இந்தக் காணொளிகளை எடுப்பவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். கரி படிந்த துணியைக் காட்டுவதற்கு முன் நான்கு எண்களைக் காட்டுங்கள். முடிந்த பிறகு அதே நான்கு எண்களை மறுபடி காட்டுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தக் கார் எப்படி ஓடுகிறது என்றும் சொல்லுங்கள். அவ்வளவு செய்ய முடியாது என்றால் மற்றவருக்கு வழி சொல்லாதீர்கள்.

காரை வைத்திருப்பவர்களுக்கு என் வார்த்தை இது. முதலில் அடாப்டர் வாங்குங்கள். குறியீட்டை அழிக்காமல் படியுங்கள். ஹோஸ்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள், பிரேக் பூஸ்டர் ஹோஸிலிருந்து தொடங்குங்கள். ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள். த்ராட்டில்தான் குற்றவாளி என்று எண்கள் சொன்னால் மட்டும் ஸ்ப்ரே வாங்குங்கள்.